எழுதிக் காட்டினால் எல்லாச் சீனர்களுக்கும் புரியுமா?

மல்லிகைச்சரம்

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இரவுப் பணியில் நடந்த ஒன்று ஒரு வாரமாக மனத்தைவிட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எண்பதைத் தாண்டிய சீனப் பாட்டி ஒருவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு "பாக் தோ தியா, பாக் தோ தியா" என்று முனகிக்கொண்டே இருந்தார். அன்று என்னுடன் பணியில் இருந்தவள் சீனாவின் வடகோடியில் உள்ள ஹார்பின் நகரத்துப் பெண். சீனாவின் பொது மொழியான மாண்டரினில் மூன்று முறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். பாட்டிக்கு ஒன்றும் எட்டவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து, நான்கைந்து எழுத்துகளைப் பெரிதாக எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். பாட்டி அந்தத் தாளைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை என்பது விடிந்த பிறகு மகன் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

கடைசியில் வழி பிறந்தது வார்டைத் துடைக்க வந்த தமிழ் அம்மாவால். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டில் ஓரமாகக் குனிந்து, தென்சீனப் பேச்சான ஹொக்கியனில் இரண்டு வார்த்தை பேசினார். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று கொட்டிவிட்டார். "வயிறு வலிக்கிறதாம். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையாம். உங்களிடம் எத்தனை தரம் சொல்வது என்று கேட்கிறார்" என்றார் அந்த அம்மா.

சீனர்களுக்குப் பேச்சு பலவானாலும் எழுத்து ஒன்றுதான், எழுதிக் காட்டிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்றுதான் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு தூரம் உண்மை?

எழுத்தாணி

படிக்காதவருக்கு எந்த எழுத்தும் உதவாது. அதை வைத்துச் சீன எழுத்தை எடைபோடக் கூடாது. மற்றபடி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 5 என்று எழுதினால் நாம் ஐந்து என்கிறோம், தெலுங்கர் ஐது என்கிறார், இந்திக்காரர் பாஞ்ச் என்கிறார். சீன எழுத்து முழுக்கவே அப்படிப்பட்டது. கி.மு. 221இல் பேரரசர் சின் ஷி ஹுவாங் நாடுகளை ஒன்றாக்கியபோது, ஒரே சொல்லை ஊருக்கு ஒரு வடிவில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி ஒரே வடிவமாக்கினார். அன்றிலிருந்து அந்தப் பெரிய தேசத்தைக் கட்டி வைத்திருப்பது எழுத்துதான்.

நாட்டு எல்லையையே தாண்டியது அது. 1897இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் ஜப்பானில் மியாசாகி தோதென் என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. தாளில் எழுதி எழுதியே உரையாடினார்கள். வியட்நாமின் விடுதலைப் போராளி பான் போய் சாவ் 1905இல் சீன அறிஞர் லியாங் சி-சாவோவைச் சந்தித்தபோதும் அப்படித்தான். கையெழுத்தே பேச்சாக இருந்த காலம் அது. வேறு எந்த எழுத்துக்கு இந்த வல்லமை உண்டு?

குவாங்சோ வாசி

எழுத்தாணி ஐயா, நீங்கள் சொன்ன சம்பவங்கள் உண்மை. ஆனால் 5 என்ற உவமைதான் எல்லோரையும் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது. ஒன்பது ஆண்டுகளாகத் தென்சீனாவின் குவாங்சோவில் துணி வாங்கி ஊருக்கு அனுப்புகிறேன். என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாய்ஜு பகுதித் துணிச்சந்தையில் எனக்குச் சரக்குக் கொடுக்கும் கடைக்காரர், இந்தப் பக்கத்துப் பேச்சான கண்டோனியம் பேசும் கண்டோனியர். ஒருநாள் தன் தம்பிக்கு அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியைத் தவறுதலாக வடக்கே ஷாண்டோங்கில் இருக்கும் ஆலைக்காரருக்கு அனுப்பிவிட்டார். ஆறே எழுத்துகள். "கோய் தெய் திங் யாத் ம் லை." அவர்கள் நாளைக்கு வரவில்லை என்று பொருள். அடுத்த நிமிடம் ஆலைக்காரர் கூப்பிட்டு, "என்ன அனுப்பியிருக்கிறீர்கள்? இரண்டு எழுத்துதான் படிக்க முடிகிறது. கேள் என்று ஒன்று, நாள் என்று ஒன்று. எந்த நாளைக் கேட்கச் சொல்கிறீர்கள்?" என்றார்.

கண்டோனியத்தில் 'நாளை' என்பது திங் யாத். அதில் 'திங்' என்ற ஓசைக்காக, கேட்டல் என்று பொருள்படும் எழுத்தைக் கடன் வாங்கி எழுதுகிறார்கள். மாண்டரின்காரர் அதன் பொருளைத்தான் படிப்பார். மற்ற நான்கு எழுத்துகளும் மாண்டரின் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்காதவை. அதே செய்தியை மாண்டரினில் எழுதினால் "தா மன் மிங் தியென் பு லை". அவர், நாளை, இல்லை, வா ஆகிய நான்கு சொற்களுக்கும் வேறு வேறு எழுத்து.

சொல் மட்டும் மாறினால் பரவாயில்லை, வாக்கியத்தின் கட்டும் மாறுகிறது. "அவன் என்னைவிட உயரம்" என்பதற்கு மாண்டரினில் 'அவன், ஒப்பிட்டால், நான், உயரம்' என்று வரிசை. கண்டோனியத்தில் 'அவன், உயரம், மிஞ்சி, நான்'. "எனக்கு ஒரு புத்தகம் கொடு" என்றால் மாண்டரினில் 'கொடு எனக்குப் புத்தகம்', கண்டோனியத்தில் 'கொடு புத்தகம் எனக்கு'. அப்படியானால் எல்லோரும் எழுதும் அந்தப் "பொது எழுத்து" எந்த வரிசையில் இருக்கிறது? மாண்டரின் வரிசையில்!

தெலுங்கர் ஒருவர் வீட்டில் "நேனு இண்டிகி வெள்துன்னானு" என்று பேசுகிறார். பள்ளியிலோ அவரை "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுத வைத்து, அதைத் தெலுங்குச் சாயலில் வாசிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பத்து வருடம் பழகினால் அவரும் எழுதுவார், சரளமாகப் படிப்பார். அதைப் பார்த்துவிட்டுத் தமிழும் தெலுங்கும் எழுத்தில் ஒன்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அவர் இன்னொரு மொழியைக் கற்றிருக்கிறார் என்றல்லவா சொல்வோம்? கண்டோனியரின் அந்த உழைப்பு யார் கணக்கிலும் வருவதில்லை. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

கரிசல்காடு

அப்படியானால் ஹாங்காங்கில் செய்தித்தாள் எந்த மொழியில் வருகிறது அண்ணா? அங்கே எல்லோரும் கண்டோனியம்தானே பேசுகிறார்கள்?

குவாங்சோ வாசி

நல்ல கேள்வி தம்பி. தலையங்கமும் செய்தியும் பொது எழுத்து மொழியில் வரும். கேலிச்சித்திரம், விளம்பரம், நேர்காணலில் ஒருவர் சொன்னதை அப்படியே தருவது போன்றவை கண்டோனியத்தில் வரும். ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும்.

குழந்தைகள் பள்ளியில் "அவர்" என்பதற்குத் 'தா' எழுத்தைக் கற்கிறார்கள். கண்டோனிய ஓசையில் வாசிக்கிறார்கள். ஆனால் பள்ளி வாசலைத் தாண்டியதும் யாரும் 'தா' என்று சொல்வதில்லை, 'கோய்' என்றுதான் சொல்வார்கள். திரைப்பாட்டும் அப்படியே. பாடலாசிரியர் பொது எழுத்து மொழியில் எழுதுவார், பாடகர் கண்டோனிய உச்சரிப்பில் பாடுவார். காதலியிடம் ஒருநாளும் பேசாத சொற்களில் காதல் பாட்டு. நாம் பேசுவது ஒன்று எழுதுவது ஒன்று என்று இருக்கிறோமே, அதைவிட ஒரு படி தூரம் இது. நம் எழுத்துத் தமிழும் நமது மொழிதான். அவர்களுடையது வடக்கத்தியருடையது.

கண்டோனியத்துக்கென்றே உருவான எழுத்துகளை எளிதில் அடையாளம் காணலாம். பெரும்பாலானவற்றில் இடப்பக்கம் ஒரு சிறிய சதுரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது 'வாய்' என்ற எழுத்து. "பொருளைப் பார்க்காதே, வாயால் சொல்லிப் பார், ஓசை கிடைக்கும்" என்று குறிப்புக் கொடுப்பது போல. 'இல்லை' என்பதற்கான 'ம்', 'உடைய' என்பதற்கான 'கெ' எல்லாம் அப்படி எழுதப்படுபவை. கணினியில் இவற்றில் பல இல்லாமல் ஹாங்காங் மக்கள் வெகுநாள் திண்டாடினார்கள். 1999இல் ஹாங்காங் அரசே துணை எழுத்துத் தொகுப்பு ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது.

பினாங்கு வாத்தியார்

மல்லிகைச்சரம் தங்கையின் பதிவைப் படித்ததும் என் தெரு நினைவுக்கு வந்துவிட்டது. பினாங்கில் நாங்கள் ஹொக்கியன் பேசித்தான் கோலி விளையாடினோம். முப்பத்திரண்டு ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்தேன். எழுத்து என்ன செய்கிறது, ஓசை என்ன செய்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வருகைப் பதிவேடு.

பதிவேட்டில் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். தான், சான், சென், சின் என்று நான்கு மாணவர்கள். நான்கு குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தேன். நால்வருக்கும் ஒரே எழுத்து! தான் ஹொக்கியன் வீடு, சான் கண்டோனிய வீடு, சின் ஹக்கா வீடு, சென் மாண்டரின். லிம், லாம், லின் மூன்றும் 'காடு' என்ற ஒரே எழுத்து. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரே வகுப்பில் இரண்டு 'ங்'. உயிரெழுத்தே இல்லாத பெயர். உறவினர்களா என்று கேட்டேன். சீன ஆசிரியை சிரித்துக்கொண்டே கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஹொக்கியன் பையனின் 'ங்' மஞ்சள் என்ற எழுத்து, மாண்டரினில் ஹுவாங். கண்டோனியப் பெண்ணின் 'ங்' வேறு எழுத்து, மாண்டரினில் வூ. ரோமன் எழுத்து ஒன்றாக்கியதைச் சீன எழுத்து பிரித்துக் காட்டியது. எழுத்தாணி சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

தம் பெயரைச் சொல்லும்போது அவர்கள் எழுத்தைப் பிரித்துச் சொல்வதைக் கேட்க எனக்கு மிகவும் பிடிக்கும். "இரட்டை மரம் லின்." "காது-கிழக்கு சென்." "வாய்-வானம் வூ." கண்டோனியர்களுக்கு மஞ்சளும் அரசனும் இரண்டுமே 'வோங்' என்பதால், எந்த வோங் என்று கட்டாயம் கேட்டாக வேண்டும். பேச்சு முட்டி நிற்கும் இடத்தில் விரல் உள்ளங்கையில் எழுத்தை வரையும்.

இன்னொன்று. எழுத்துக்குள்ளேயே பழைய ஓசை ஒளிந்திருக்கிறது. ஆறு என்ற எழுத்தில் இடப்புறம் மூன்று நீர்த்துளி, வலப்புறம் 'வேலை' என்ற எழுத்து. நீர்த்துளி பொருளைக் காட்டுகிறது. வேலை எதற்கு வந்தது? ஓசை காட்ட. ஆனால் மாண்டரினில் வேலை 'கோங்', ஆறு 'ஜியாங்'. ஒட்டவே இல்லை. ஹொக்கியனில் சொல்லிப் பாருங்கள். வேலை 'காங்', ஆறு 'காங்'. மீன் விற்ற கிழவி பேசிய பேச்சில் அந்த எழுத்தைச் செய்தவனின் காது அப்படியே இருக்கிறது.

நம் வீட்டிலும் ஹொக்கியன் இருக்கிறது, தெரியுமா? சீனத்தின் பெரும்பகுதி 'சா' என்கிறது. அது தரைவழியே நடந்து பாரசீகத்தில் சாய் ஆகி, இந்திக்கு வந்தது. அமோய் துறைமுகத்து ஹொக்கியனில் அது 'தே'. கடல்வழி வந்த அந்தத் 'தே'யோடு இலையைச் சேர்த்துத்தான் நாம் தேயிலை என்கிறோம். இரண்டு ஓசைக்கும் எழுத்து ஒன்றுதான்.

எழுத்தாணி

வாத்தியார் ஐயா, நன்றி. குவாங்சோ வாசி சொன்ன குறுஞ்செய்திக் கதை என்னை யோசிக்க வைத்தது. என் உவமையை நான் திருத்திக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாங் காலத்துக் கவிஞர் லியூ சோங்-யுவான் (773-819) பனியில் தனியே தூண்டில் போடும் கிழவரைப் பாடிய நான்கடிக் கவிதையில் இயைபுச் சொற்கள் மூன்று. மாண்டரினில் அவை ஜுவே, மியெ, ஷுவே. தொனியும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், மூன்று விதம். கண்டோனியத்தில் ஜூத், மித், சூத். ஹொக்கியன் வாசிப்பில் சுவாத், பியாத், சுவாத். மூன்றும் 'த்' என்று வெட்டி நிற்கின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய குளிர் அந்த வெட்டில்தான் இருக்கிறது. எழுத்து எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தானே அந்தக் கவிதை கண்டோனியர் காதுவரை போய்ச் சேர்ந்தது? ஓசை எழுத்தில் எழுதியிருந்தால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று எப்போதோ பிரிந்திருக்கும்.

இன்னொரு சந்தேகம். 1912இல் கண்டோனியம் ஒரே ஒரு வாக்கில் தேசிய மொழியாகும் வாய்ப்பை இழந்தது என்கிறார்களே, உண்மையா?

நிகண்டு

அந்த ஒரு வாக்குக் கதை கட்டுக்கதை. அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததற்குச் சான்று கிடையாது. நடந்தது 1913இல் பெய்ஜிங்கில் கூடிய உச்சரிப்பு ஒருமைப்பாட்டு மாநாடு. மாகாணத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்து, ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாக உச்சரிப்பு முடிவு செய்தார்கள். அங்கே நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. தெற்கத்திய உறுப்பினர் ஒருவர் தம் பேச்சில் ரிக்‌ஷா வண்டியைப் பற்றி ஏதோ சொல்ல, வடக்கத்தியரான வாங் ஜாவோவின் காதில் அது மிக மோசமான வசைச்சொல்லாக விழுந்ததாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடிக்கப் போய்விட்டாராம். படிப்பாளிகள் கூடிய சபையிலேயே நிலைமை அதுதான். அந்த மாநாட்டில் பிறந்த உச்சரிப்பு பல ஊர் ஓசைகளின் கலவை. எந்த ஊரிலும் யாரும் அப்படிப் பேசவில்லை. 1932இல் அதை விட்டுவிட்டு பெய்ஜிங் உச்சரிப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எழுத்தாணி ஐயாவும் குவாங்சோ வாசி அண்ணனும் இரண்டு வேறு எழுத்து மொழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாங் கவிதையும், சுன் யாட்-சென் தாளில் எழுதியதும் வென்யன் என்ற பழைய எழுத்து மொழி மரபைச் சேர்ந்தவை. யார் வீட்டிலும் அதைப் பேசவில்லை. பெய்ஜிங்காரரும் உழைத்துத்தான் கற்றார், கண்டோனியரும் உழைத்துத்தான் கற்றார். எல்லோருக்கும் சம தூரம். 1917இல் அறிஞர் ஹூ ஷி, பேசுவது போல எழுதுவோம் என்று இலக்கியச் சீர்திருத்தத்துக்குக் குரல் கொடுத்தார். அடுத்த ஆண்டு எழுத்தாளர் லூ சுன்னின் புகழ்பெற்ற சிறுகதை ஒன்று அந்த நடையில் வந்தது. பெரிய விடுதலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "பேசுவது போல" என்றால் யார் பேசுவது போல? வடக்கத்தியர் பேசுவது போல. அன்றைக்கு வடக்குக்கு எழுத்து வீட்டுக்குள் வந்தது. தெற்குக்கு அது பழையபடி அடுத்தவர் வீட்டிலேயே நின்றது. 1956இல் அரசு புதோங்ஹுவா என்ற பொது மொழிக்கு வரையறை வகுத்தபோது இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஓசைக்கு பெய்ஜிங், அடிப்படைக்கு வடக்கத்திய வழக்கு, இலக்கணத்துக்குப் புதிய நடையில் எழுதப்பட்ட சிறந்த நூல்கள்.

ஆக, இன்று கண்டோனியரும் மாண்டரின்காரரும் எழுதிப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், கண்டோனியர் மாண்டரினில் எழுதுகிறார் என்று பொருள். ஹொக்கியனுக்கு நிலைமை இன்னும் கடினம். அன்றாடச் சொற்கள் பலவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்தே வெகுகாலம் இல்லை. ஹொக்கியனை உள்ளடக்கிய 'மின்' என்ற மொழிக் கிளை மற்றவற்றிலிருந்து மிக முன்பே பிரிந்துவிட்டது. ஃபூஜியான் என்ற ஒரே மாகாணத்துக்குள் ஃபூசோக்காரர் பேச்சு அமோய்க்காரருக்குப் புரியாது.

எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் சீனமே இருக்காது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1885இல் தாய்வானின் தாய்னானில் கிறித்தவ சபையார் தொடங்கிய செய்தித்தாள் முழுக்க ரோமன் எழுத்தில் ஹொக்கியனை அச்சிட்டது. சீன எழுத்தே அறியாத பெண்கள் சில மாதங்களில் படிக்கக் கற்றார்கள். இன்னொரு பக்கம் துங்கன் மக்கள். கான்சு, ஷான்சி மாகாணங்களிலிருந்து 1877 வாக்கில் சிங் பேரரசின் படைக்குத் தப்பி மலை கடந்து போன முஸ்லிம்கள். இன்று கிர்கிஸ்தானிலும் கசக்ஸ்தானிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது மாண்டரினின் ஒரு வழக்கு. 1950களிலிருந்து அதை ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தில் எழுதுகிறார்கள். தொனியைக்கூடக் குறிப்பதில்லை. கவிதை, கதை, செய்தித்தாள் எல்லாம் வந்திருக்கின்றன.

கரிசல்காடு

அப்படியானால் இவற்றை மொழி என்பதா, வட்டார வழக்கு என்பதா?

நிகண்டு

சீனத்தில் ஃபாங்யென் என்பார்கள், 'இடத்துப் பேச்சு' என்று பொருள். ஏழு பெரும் பிரிவு என்பது பழைய கணக்கு, 1987இல் வந்த மொழி நிலவரைபடம் பத்து என்று பிரித்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை என்றால் நான் மொழி என்றுதான் சொல்வேன். மூன்று என்பதற்கு நாம் மூணு, கன்னடர் மூரு, தெலுங்கர் மூடு. அங்கே மாண்டரினில் சான், கண்டோனியத்தில் சாம், ஹொக்கியனில் சா. உறவு தெரிகிறது. அதற்காக யாரும் கன்னடத்தைத் தமிழின் வட்டார வழக்கு என்று சொல்லிவிட மாட்டோம்.

பினாங்கு வாத்தியார்

மல்லிகைச்சரம், உன் பாட்டியிடம் திரும்பி வருகிறேன் அம்மா. அந்த ஹார்பின் பெண் தாளில் என்ன எழுதினாள் என்று கேட்டுப் பார்த்தாயா? மாண்டரினில் வயிற்றுவலியை "து சி தெங்" என்பார்கள்.

மல்லிகைச்சரம்

கேட்டேன் ஐயா. அதைத்தான் எழுதினாளாம். "து சி தெங் மா?" வயிறு வலிக்கிறதா என்று.

பினாங்கு வாத்தியார்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாட்டி சொன்ன "பாக் தோ தியா"வில் 'தோ' இருக்கிறதே, அதற்கும் அவள் எழுதிய 'து'வுக்கும் ஒரே எழுத்து. 'தியா'வுக்கு தாய்வான் அரசின் ஹொக்கியன் அகராதி தரும் எழுத்தும் அவள் எழுதிய 'தெங்' எழுத்துதான். பாட்டி முனகிக்கொண்டிருந்த சொற்களில் இரண்டு அந்தத் தாளில் இருந்தன.

மல்லிகைச்சரம்

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்று வேலை முடிந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. துடைக்கும் அம்மாவைத் தேடிப் போய் உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்க ஆரம்பித்தாள். வலி, தண்ணீர், மருந்து, சாப்பாடு, கழிப்பறை. சீன எழுத்தில் எழுதினால் மாண்டரின் ஓசைதான் தன் வாயில் வருகிறது என்று ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டாள். நான் அருகில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டேன். 'தியா'வின் கடைசி ஓசை மூக்கில் போய் முடிகிறது, அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. அந்த அம்மா எங்கள் இருவரையும் பத்துத் தடவை சொல்ல வைத்தார்.

பாட்டி இன்னும் ஏழாம் எண் கட்டிலில்தான் இருக்கிறார். நாளை இரவு எங்கள் இருவருக்கும் அங்கே பணி.